முனியப்பா ஏறிய கல்

ஓசூர்ப் பக்கம் போய்வந்தேன் என்று சொன்னதிலிருந்து நண்பர்கள் வழி கேட்டுத் துளைக்கிறார்கள். சித்திரை வெயிலுக்குக் குளிர்ச்சியான இடம், செலவு அதிகமில்லை, பெங்களூரும் பக்கம் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். எல்லாம் உண்மைதான். வழியைச் சொல்கிறேன். ஆனால் நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். சென்ற ஆண்டு போனதைச் சொல்லாமல் இந்த ஆண்டு போனதைச் சொல்ல எனக்கு வராது. ஊர் பார்த்த கதை மட்டும் வேண்டும் என்பவர்கள் கட்டணம், நேரம் வரும் இடங்களை மட்டும் படித்துவிட்டுப் போகலாம்.

சென்ற ஆண்டு, அதாவது ஐம்பத்தைந்தில், எங்கள் பல்கலைக்கழக விடுதியில் ஓசூர் யாருக்கு என்று ஒரே ரகளை. மொழிவாரியாக மாகாணத்தைப் பிரிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு. ஓசூரைப் பார்த்திராதவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள். நானும் அதில் ஒருவன். கொள்ளேகாலத்திலிருந்து வந்த நஞ்சுண்டன் கன்னடக் கட்சி, நான் தமிழ்க் கட்சி. ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் வாளியே கவிழ்ந்தது. அதன் பிறகுதான் எங்கள் பேராசிரியர் அந்த வகுப்பைத் தொடங்கினார். மாற்றுக் கருத்துடையவரோடு பேசும் கலை என்று அதற்குப் பெயர். சனிக்கிழமை மாலைகளில், பரீட்சையும் மதிப்பெண்ணும் உண்டு.

வகுப்புக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். உன் கட்சியைச் சொல்லும் முன் எதிராளியின் கட்சியை நீ சொல்ல வேண்டும். அவர் "ஆமாம், இதைத்தான் நான் சொல்கிறேன்" என்று ஒப்புக்கொள்ளும்வரை சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் உன் வாய் உனக்குச் சொந்தம். பொய் சொல்ல மாட்டேன், அது பலித்தது. நஞ்சுண்டன் கட்சியை நான்கு வாரம் நான் சொல்லி, என் கட்சியை அவன் சொல்லி, ஐந்தாவது வாரம் இரண்டு பேரும் சேர்ந்து காபி குடிக்கப் போனோம். இரண்டு பேருக்கும் ஒரே விடுதி, ஒரே காபி, ஒரே வயது. ஓசூர் யாருக்குப் போனாலும் எங்கள் இருவர் வீட்டிலும் அடுப்பு எரியும் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. இதை வகுப்பறைக்கு வெளியே செய்துகாட்ட வேண்டும் என்று துடித்தார். சூளகிரிக்கு அருகில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் ஒரு கிராமம் இருப்பதாக அவருக்குத் தெரிந்த அதிகாரி ஒருவர் சொல்லியிருந்தார். மூன்று மொழி இருந்தால் சண்டை இல்லாமல் இருக்குமா? சண்டை இருக்கும், நாம் போய்த் தீர்ப்போம் என்று எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

வழி இதுதான். சென்னையில் இரவு பெங்களூர் மெயிலில் ஏறி விடியற்காலையில் ஜோலார்பேட்டையில் இறங்க வேண்டும். அங்கிருந்து பர்கூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்கு பஸ். ஓசூருக்கு ரயில் கிடையாது. முன்பு ஒரு சின்ன ரயில் ஓடிற்றாம், உலகச் சண்டைக் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கிருஷ்ணகிரியில் பஸ் நிலையத்துக்கு எதிரே இட்லி நன்றாக இருக்கும், காபி வேண்டாம். கோட்டை மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடியுங்கள். ஓசூர் முப்பது மைலுக்குக் கொஞ்சம் மேலே, பதினைந்தணா. சூளகிரி நடுவழியில் இருக்கிறது, அதற்கு ஏழணா. பஸ் ஏறஏறக் காற்று மாறும். இடது பக்கம் உட்காருங்கள், பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றாக வரும்.

அந்த பஸ் கண்டக்டர் ஒரு கிழவியிடம் கன்னடத்தில் சில்லறை கேட்டார், பின் சீட்டுக்காரரிடம் தெலுங்கில் நலம் விசாரித்தார், கூரை மேல் கோழிக்கூடை ஏற்றியவனைத் தமிழில் திட்டினார். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானும் நஞ்சுண்டனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாளியைக் கவிழ்த்தது வீண் என்று இருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

சூளகிரியிலிருந்து அந்தக் கிராமம் நான்கு மைல். ஊர்ப் பெயர் வேண்டாம். மாட்டுவண்டிக்கு ஒரு ரூபாய், போகவர. வண்டிக்காரர் சிக்கண்ணன் அந்த ஊர்க்காரர்தான். வழி நெடுக ராகிக் கொல்லையும் மாந்தோப்பும். ஊர்ச் சாவடியில் கூட்டம் சேர்ந்திருந்தது. எங்களை எதிர்கொண்டு அழைத்துவந்த மணியக்காரர் சாவடித் திண்ணை மேல் உட்கார்ந்தார். ஊரில் பாதி நிலம் அவருடையது, கிராம அதிகாரமும் அவரிடம்தான். ஐம்பது வயதிருக்கும், நல்ல சிரித்த முகம். சாவடிக்கு எதிரே இடுப்பளவு உயரத்தில் ஒரு தட்டைக் கல், அதைச் சுற்றி ஊரார். அவர்களுக்கும் அப்பால், வெயிலில், சேரிக்காரர்கள் நின்றார்கள்.

பேராசிரியர் மொழிச் சண்டையைப் பற்றிக் கேட்டார். கூட்டம் சிரித்தது. வெயிலில் நின்றவர்களில் ஒரு பெண், எல்லம்மா என்று பிறகு தெரிந்துகொண்டோம், "பாஷைக்கு என்னாத்துக்குங்க சண்ட? தண்ணிக்குத்தான் சண்ட" என்றாள். பக்கத்தில் நின்ற அவள் புருஷன் முனியப்பா அவளை அடக்கினான். பேராசிரியர் அடக்க விடவில்லை. சண்டை என்ற ஒன்று கிடைத்ததே அவருக்குப் போதும்.

விஷயம் இதுதான். சேரியின் ஓரத்தில் ஒரு கிணறு. பஞ்ச காலத்தில் சேரிக்காரர்கள் வெட்டியது. வெட்டுகிற நாட்களில் மணியக்காரர் வீட்டிலிருந்து ராகி போனது. இப்போது மணியக்காரர் அங்கே ஆயில் எஞ்சின் வைத்துத் தன் கொல்லைக்குத் தண்ணீர் இறைக்கப் போகிறார். நிலம் என்னுடையது, ராகி கூலிக்குக் கொடுத்தது என்கிறார். நிலம் புறம்போக்கு, ராகி பஞ்சத்துக்குக் கொடுத்தது, கிணறு எங்களுடையது என்கிறார்கள் சேரிக்காரர்கள். சுற்றுவட்டாரத்தில் அவர்கள் தொட்டு மொள்ளக்கூடிய கிணறு அது ஒன்றுதான். முனியப்பாதான் ஆட்களைக் கூட்டி தாசில்தாருக்கு மனுக் கொடுத்தவன். அடுத்த மாதம் விசாரணை.

தாசில்தார் எதற்கு, இங்கேயே பேசிவிடலாம் என்றார் பேராசிரியர். சட்டத்தை விளக்கினார். முதலில் முனியப்பா மணியக்காரரின் கட்சியைச் சொல்ல வேண்டும், அப்புறம் மணியக்காரர் முனியப்பாவின் கட்சியை. எல்லோருக்கும் கேட்கும்படி அந்தக் கல்லின் மேல் நின்று சொல்லலாமே என்று கையைக் காட்டினார். வகுப்பில் நாங்கள் மேடை ஏறித்தான் பேசுவோம், அந்தப் பழக்கம்.

முனியப்பா நகரவில்லை. "கீழ நின்னே சொல்றேனுங்க. அது எங்க ஆளுங்க ஏறாத கல்லுங்க" என்றான். எல்லம்மா அவன் துண்டைப் பிடித்து இழுத்தாள். பேராசிரியர் முகம் சிவந்துவிட்டது. தீண்டாமை சட்டப்படி குற்றம், இது சுதந்திர நாடு, இந்தக் கல் எல்லோருக்கும் பொது என்று அரைமணி நேரம் பொரிந்து தள்ளினார். கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. மணியக்காரர் எழுந்து சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்தார், பேராசிரியரைப் பார்த்தார், சிரித்தார். "ஏறுடா முனியா. அவ்ளோ படிச்சவங்க சொல்றாங்கல்ல" என்றார். பேராசிரியர் கண்ணில் நீர் தளும்பியதை நான் பார்த்தேன்.

முனியப்பா ஏறினான். கால் சுட்டிருக்க வேண்டும், மாற்றி மாற்றி வைத்தான். பேராசிரியர் தட்டிக்கொடுத்தார்: நீ சொல்லப் போவது உன் பேச்சு அல்ல, அவர் பேச்சு, எல்லோருக்கும் அது தெரியும்.

"கெணறு மணியக்காரரு வூட்டுதுங்க" என்று தொடங்கினான். "நெலமும் அவங்க தாத்தா காலத்துலருந்து அவங்களுதுதான். வெட்டுனது நாங்க, கூலிக்கு ராகி குடுத்துட்டாங்க. எரக்கப்பட்டு மொண்டுக்கச் சொன்னாங்க, மொண்டுக்கறோமுங்க."

"ஆமா, இதத்தான் நான் சொல்றேன்" என்றார் மணியக்காரர். சட்டத்தை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார் பாருங்கள், நஞ்சுண்டனுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

அடுத்து அவர் முறை. முழங்கால் வலி, உட்கார்ந்தே சொல்கிறேன் என்றார். பேராசிரியர் தாராளமாக ஒப்புக்கொண்டார். சேரிக்காரர்களும் மனிதர்கள்தானே, தண்ணீர் இல்லாமல் எப்படி இருப்பார்கள், வெட்டியவர்களுக்குத் தங்களுடையது என்ற எண்ணம் வருவது இயற்கைதானே என்று மணியக்காரர் உருக்கமாகப் பேசினார். எங்கள் வகுப்பில் அவ்வளவு அழகாக எதிர்க்கட்சியை யாரும் சொன்னதில்லை. முனியப்பா கீழே இறங்கி நின்று தலையாட்டினான். நாங்கள் கைதட்டினோம். அதற்குள் மோர் வந்தது, பிறகு சாப்பாடு வந்தது. வெயில் சாயத் தொடங்கியதும் பஸ் ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டாயிற்று, இனி அவர்களே பேசிக்கொள்வார்கள் என்று பேராசிரியர் வாழ்த்திவிட்டு வண்டியேறினார்.

ஏரிக்கரை தாண்டும்போது சிக்கண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்: "முனியப்பன் இன்னிக்கிக் கெணத்தக் குடுத்துட்டானுங்க."

என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டோம். அவர் விவரம் சொன்னார். அந்த ஊரில் யார் எதை வேண்டுமானாலும் பேசலாம், சண்டை போடலாம், மறுநாள் மாற்றிச் சொல்லலாம். ஆனால் அந்தக் கல்லின் மேல் நின்று சொன்னால் சொன்னதுதான். வழக்கு முடிகிறபோது, தோற்றவன் ஏறி ஒப்புக்கொடுக்கிற கல் அது. இன்னாருக்காகச் சொன்னேன், விளையாட்டுக்குச் சொன்னேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. சேரிக்காரர்களை அதில் ஏற்றியதே இல்லை. அவர்கள் சொல்லுக்கு அந்த மதிப்பு ஊர் தந்ததில்லை. முதல் முதலாக ஏறிய ஆள் முனியப்பாதான். ஏறி, கிணறு மணியக்காரருடையது என்று சொல்லிவிட்டு இறங்கினான். மணியக்காரர் ஏன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே பேசினார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நாங்கள் வந்தபோது அவர் ஏரி மதகுவரை நடந்துவந்து எங்களை வரவேற்றிருந்தார்.

தாசில்தாரிடம் முனியப்பா உண்மையைச் சொல்லலாமே என்றேன். "அவனே சொல்ல மாட்டானுங்க" என்றார் சிக்கண்ணன். "கல்லுல சொன்னத மாத்துனவன் வூட்டுக்குச் சேரியிலயே பொண்ணு குடுக்க மாட்டாங்க."

முன்பே எங்களிடம் சொல்லியிருக்கலாமே என்று நஞ்சுண்டன் அவர்மேல் பாய்ந்தான். அவர் மாட்டை அதட்டினார். அவரும் மணியக்காரர் நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்கு உழுகிறவர்.

பேராசிரியர் வண்டியைத் திருப்பச் சொன்னார். அந்த அளவுக்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். மணியக்காரர் சாவடியிலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தார். எழுந்து அதே சிரிப்போடு வரவேற்றார். இது வெறும் பயிற்சி, முனியப்பா சொன்னது அவன் சொல் அல்ல என்று பேராசிரியர் ஆரம்பித்தார்.

மணியக்காரர் கையை உயர்த்தினார். "சார், அதுக்கு முன்னால என் பக்கத்தச் சொல்லுங்க. நான் ஆமான்னு ஒத்துக்கிட்டாத்தான் உங்க பக்கம். அதுதானே உங்க சட்டம்?"

பேராசிரியர் சொன்னார். மணியக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் குறைகிறது என்றார். மறுபடி சொன்னார். நிலத்தின் கதை சரியாக வரவில்லை என்றார். மூன்றாம் தடவை தாத்தாவின் பெயர் விட்டுப்போயிற்று. சட்டத்தை உண்டாக்கிய மனிதர் அந்தச் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கடைசியில் அவர் பொறுக்கமாட்டாமல் கல்லை நோக்கிப் போனார்.

"ஏறுங்க, ஏறுங்க" என்றார் மணியக்காரர். "இந்த ஊருத் தண்ணி குடிச்சு வளந்தவன் சொன்னாத்தான் அதுல செல்லும். உங்களுக்குக் காத்து நல்லா வரும்."

பேராசிரியர் ஏறவில்லை. கிருஷ்ணகிரிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்தோம். ஊர் திரும்பிய பிறகு அவர் தாசில்தாருக்கு எழுதினார், பதில் இல்லை. வகுப்பு மட்டும் நடந்தது. ஆண்டு முடிவில் "களத்தில் உரையாடல்" என்று நான் ஒரு கட்டுரை கொடுத்தேன். இரு தரப்பும் ஒன்றையொன்று நயமாக எடுத்துரைத்த விதத்தை நன்றாக எழுதியிருக்கிறேன் என்று முதல் மதிப்பெண் வந்தது. கல்லைப் பற்றி எழுதிய இரண்டு பக்கங்களைப் பேராசிரியர் படித்திருக்கிறார், ஓரத்தில் கோடு இருந்தது. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இந்த ஆண்டு அந்த வகுப்பில் சேர இடமில்லை என்கிறார்கள்.

இந்தச் சித்திரையில் நான் தனியாகப் போனேன். அதே மெயில், அதே எட்டு மணி பஸ், அதே ஏழணா. சூளகிரியில் சிக்கண்ணன் இல்லை, நடந்தே போனேன். ஊருக்கு வெளியிலேயே எஞ்சின் சத்தம் கேட்டது. கிணற்றைச் சுற்றிக் கற்றாழை வேலி. உள்ளே மணியக்காரருடைய வாழை தளதளவென்று நின்றது. தாசில்தார் வந்தாராம், கேட்டாராம். கல்லில் ஏறிச் சொன்னதை ஊரே சாட்சி சொல்லிற்றாம். முனியப்பாவைக் கேட்டபோது, ஆமாங்க, சொன்னேனுங்க என்றானாம். விசாரணை அத்தோடு முடிந்தது.

முனியப்பா வீட்டு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்தான். திட்டுவான் என்று நினைத்துப் போயிருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். பேராசிரியர் சௌக்கியமா என்று விசாரித்தான். எல்லம்மா உள்ளேயிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அங்கே தண்ணீர் வாங்கிக் குடிப்பது சமத்துவம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நடந்து வந்த தாகமும் இருந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

நடந்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். முனியப்பா கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

"மன்னிப்பு எதுக்குங்க" என்றான். "மொதல்ல அவரு பக்கம் சொல்லு, அப்பறம் உம் பக்கம்னு சொன்னாரு உங்க சாரு. அவரு பக்கம் சொல்லிட்டேனுங்க. எம் பக்கம் சொல்றதுக்கு எப்ப வரச் சொல்றாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

கேலியாகச் சொன்னானா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பேராசிரியரிடம் இன்னும் கேட்கவில்லை. எதிராளியின் நியாயத்தைச் சொல்லப் பழக்கும் வகுப்பு நல்ல வகுப்புதான். ஆனால் அதை அதிகாரம் உள்ளவனுக்கு நடத்துங்கள். மற்றவன் பிறந்ததிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவனுக்குப் பயிற்சி வேண்டாம்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மார்கழி, தை மாதங்களில் போனால் கம்பளி அவசியம். ஓசூரில் தங்கச் சத்திரம் உண்டு, பாய் தலையணை நீங்களே கொண்டுபோக வேண்டும். ராகிக் களியும் கீரைக் குழம்பும் எங்கே கிடைத்தாலும் சாப்பிடுங்கள். சூளகிரியிலிருந்து உள்ளே போகிறவர்கள் வண்டிக்கு ஒரு ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம். குடிக்கத் தண்ணீரைக் கையோடு எடுத்துப் போங்கள். அந்தச் சேரியில் கேட்டால் தருவார்கள், இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நான் வெளியே வந்தபோது எல்லம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். தண்ணீருக்கு எங்கே என்று கேட்டேன். ஓடைக்கு, இரண்டு மைல் என்றாள்.